ஓராண்டு உத்தியோகஸ்தர்

இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் கணினி சாஸ்திரம் பயிலும் இளைஞர்களுள், முதலிரண்டு ஆண்டுகளை வகுப்பிலும், மூன்றாம் ஆண்டைச் சம்பளம் தரும் ஏதேனும் ஒரு ஸ்தாபனத்திலும் கழித்துவிட்டு, நான்காம் ஆண்டில் பழைய பெஞ்சுக்கே திரும்பி வரும் ஒரு வர்க்கம் உண்டு. அந்த வர்க்கத்தாரை அடையாளம் காண அதிகப் பிரயாசை வேண்டியதில்லை. செப்டம்பர் மாதக் கடைசியில், மற்ற மாணவர்கள் கசங்கிய சட்டையும் தூக்கம் கலையாத கண்களுமாக வகுப்புக்குள் வந்து விழுகையில், எவர் ஒருவர் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்து அமர்ந்து, கம்பெனியின் முத்திரை பொறித்த தண்ணீர்ப் புட்டியை மேஜைமேல் வைத்து, ஆசிரியர் இன்னும் வரவில்லையே என்று கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாரோ, அவரே நாம் தேடும் மனிதர். வயது இருபத்தொன்று, முகபாவம் ஐம்பது.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. பொறியியல் மாணவர்களைச் சிறிது காலம் கல்லூரிக்கும் சிறிது காலம் தொழிற்சாலைக்குமாக மாற்றி மாற்றி அனுப்பும் வழக்கம், சாண்ட்விச் படிப்பு என்ற திருநாமத்துடன், வட இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் 1903-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1966-இல் அரச சாசனம் பெற்றுப் பல்கலைக்கழகங்களாக உயர்ந்த பாத், சர்ரே, லஃப்பரோ, புருனெல் முதலியவை அதைத் தங்கள் பரம்பரைச் சொத்தாகவே கருதி வந்திருக்கின்றன. அக்காலத்து மாணவன் தொழிற்சாலையிலிருந்து எண்ணெய்க் கறையோடு திரும்பினான். சோப்புப் போட்டால் அது போய்விடும். இக்காலத்துக் கணினி மாணவர்மேல் படிந்து வருவதோ சொற்கறை. அதற்கு இன்றுவரை சோப்புக் கண்டுபிடிக்கப்படவில்லை.

அந்த உத்தியோகத்தை அடைவதற்கு அவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் மேலே போவது அநியாயம். இரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலம் முழுவதும், பாடப் புத்தகத்தைத் தொட நேரமின்றி, விண்ணப்பம் எழுதுவதிலேயே கழிந்தது. ‘எங்கள் ஸ்தாபனத்தின்மீது உமக்கு ஏன் இத்தனை ஆர்வம்?’ என்று ஒவ்வொரு படிவமும் கேட்டது. முந்தின இரவுதான் பெயரையே கேள்விப்பட்ட ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின்பால் தமக்குப் பால்யம் முதலே அடங்காத மோகம் இருந்து வந்ததாக அவர் எழுதினார். அதற்கடுத்து நேர்முகப் பரீட்சை. ஆனால் நேரில் முகம் என்று ஒன்றும் கிடையாது. திரையில் ஒரு கேள்வி தோன்றும். யோசிக்கச் சில விநாடிகள் கிடைக்கும். பிறகு எவருமே இல்லாத எதிர்த்திசையை நோக்கி, ஓரத்தில் தெரியும் தம் பிம்பத்தைப் பார்த்தே புன்னகை செய்தவண்ணம், குழுவாகச் செயலாற்றுவதில் தமக்குள்ள திறமையைத் தன்னந்தனியாக நிரூபிக்க வேண்டும். சில கம்பெனிகள் வருத்தம் தெரிவித்து எழுதின. பல கம்பெனிகள் அந்த மரியாதையும் செய்யவில்லை. எப்படியோ ஒன்று வாய்த்தது.

வாய்த்தபின், முதல் சில நாட்கள் காத்திருத்தல் என்னும் யோகத்தில் கழிந்தன. மடிக்கணினி வந்தது, கடவுச்சொல் வரவில்லை. கடவுச்சொல் வந்தது, அனுமதி வரவில்லை. அனுமதி வழங்கவேண்டியவரோ ஸ்பெயினுக்கு விடுமுறையில் போயிருந்தார். இந்த இடைவேளையில் அவர் கற்றது தேநீர் போடுவது. ஆங்கிலேய அலுவலகத்தில் தனக்கு மட்டும் தேநீர் போட்டுக்கொள்வது மகாபாதகம். எழுந்தவர் எல்லோருக்குமாகப் போடவேண்டும், அந்த எழுந்தவர் பெரும்பாலும் வயதில் இளையவராகவே அமைந்துவிடுகிறார். யாருக்குப் பால் உண்டு, யாருக்கு இல்லை, யாருக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி, யார் மூலிகைத் தேநீர் மட்டுமே அருந்தும் விரதக்காரர் என்பதையெல்லாம் அவர் ஓர் அட்டவணையாகத் தொகுத்து வைத்தார். அந்த ஓராண்டில் அவர் தாமே முழுமையாக வடிவமைத்து, பிழையின்றி இயங்கிய ஒரே தரவுத்தளம் அதுதான் என்று சொல்ல வேண்டும்.

கடைசியில் ஒரு வேலை வந்தது. இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானின்மேல் இருந்த ‘சமர்ப்பி’ என்ற சொல்லை ‘அனுப்பு’ என்று மாற்றவேண்டும்; அவ்வளவே. கல்லூரியில் ஒரே இரவில் ஒரு சதுரங்க விளையாட்டையே எழுதி முடித்தவருக்கு இது அவமானமாகக்கூடத் தோன்றிற்று. ஆனால் அந்தப் பொத்தான் எங்கே பிறக்கிறது என்று தேடிப் புகுந்தவர், எப்போதோ ராஜினாமாச் செய்து போனவர்கள் எழுதிய நிரல்களின் அடர்ந்த காட்டில் வழி தவறி, ‘இது தற்காலிக ஏற்பாடு, அடுத்த வாரம் சரிசெய்யப்படும்’ என்று, தாம் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆண்டில் யாரோ எழுதிவைத்த குறிப்பொன்றின் எதிரே திகைத்து நின்றார். ஒருவாறு சொல்லை மாற்றினார். மூத்தவர் ஒருவர் பரிசீலித்து, ஓர் இடைவெளி மிகையென்று திருப்பியனுப்பினார். அதைத் திருத்தியபின், பொத்தானுக்கு வெல்ஷ் மொழியிலும் ஒரு வடிவம் உண்டென்ற செய்தி வெளிவந்தது. அதுவும் முடிந்து எல்லாம் சித்தமான நாள் வெள்ளிக்கிழமையாகப் போயிற்று. வெள்ளிக்கிழமையன்று எந்த மாறுதலையும் வெளியிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் துணிச்சல் கணினி உலகில் எவருக்கும் கிடையாது. மூன்று வாரத் தவத்துக்குப் பின் ‘அனுப்பு’ உலகுக்கு வந்தது. அன்றிரவு அவர் தம் தாயாருக்குத் தொலைபேசியில் அந்தப் பொத்தானைக் காட்டியதாகக் கேள்வி. அந்த அம்மையார், முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேட்டாராம்.

இதற்கிடையே பல்கலைக்கழகம் அவரை மறந்துவிடவில்லை. அங்கே காலடி வைக்காத அந்த ஆண்டுக்கும், முழுக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை வசூலித்துக்கொள்ள இங்கிலாந்தின் விதி இடந்தருகிறது. வருஷக் கட்டணம் 9,250 பவுனாக இருந்தபோது அது 1,850 பவுன். அந்தத் தொகைக்கு ஈடாக ஓர் ஆசிரியர் ரயிலேறி வந்து, ‘சௌக்கியமா?’ என்று விசாரித்து, கம்பெனிச் செலவில் ஒரு காப்பியும் அருந்திவிட்டுப் போனார்.

இனி, திரும்பி வந்த கதை. காசிக்குப் போய் வந்தவர் ஏதேனும் ஒரு காயையோ பழத்தையோ விட்டுவிடுவது நம்மவர் வழக்கமல்லவா? அதுபோல நமது உத்தியோகஸ்தர் சாதாரணப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். நேரமில்லை என்று அவர் சொல்வதில்லை. ‘பாண்ட்விட்த்’ இல்லை என்கிறார். சண்டை வந்தால், ‘இதை ஆஃப்லைனில் பேசிக்கொள்வோம்’ என்கிறார். எதிரே நிற்பவரோ நேருக்கு நேர்தான் நிற்கிறார். ஆசிரியர் ஒரு வரிசைப்படுத்தும் முறையைக் கரும்பலகையில் வியாக்கியானம் செய்கையில், ‘இண்டஸ்ட்ரியில் இதற்கெல்லாம் லைப்ரரி இருக்கிறது’ என்று பக்கத்திலிருப்பவர் காதில் கருணையோடு ஓதுகிறார்.

அவர் குடியிருக்கும் வாடகை வீட்டின் சமையலறைச் சுவரில், கம்பெனி வழக்கப்படி, வண்ணத் தாள்கள் ஒட்டிய பலகையொன்று ஏறியிருக்கிறது. காலை ஒன்பதே காலுக்குக் குடியிருப்போர் அனைவரும் அதன் முன் நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம் என்று சொல்லவேண்டும். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் மென்பொருள் எழுதுவோர் 17 பேர் கூடி, சடங்குகளைவிட மனிதர்களே முக்கியம் என்ற கருத்தில் எழுதிய எஜைல் பிரகடனத்திலிருந்து இத்தனை சடங்குகள் கிளைத்தது எப்படி என்பது ஆராய்ச்சிக்குரியது. ‘பாத்திரம் கழுவுதல்’ என்ற தாள் மூன்று வாரமாக ‘நடைபெறுகிறது’ என்ற பத்தியிலேயே இருந்தது. கேட்டதற்கு, தேய்க்கும் நார் வாங்கி வராததால் காரியம் தடைப்பட்டிருப்பதாகவும், நார் வாங்குவது வேறொருவர் பெயரிலுள்ள டிக்கெட், அதாவது வேலைச் சீட்டு, என்றும் அவர் விளக்கினார்.

இவரைக் கண்டு நகைப்பது சுலபம். ஆயினும் அவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. அவரோடு முதலாண்டில் சேர்ந்தவர்களுள், உத்தியோகத்துக்குப் போகாமல் மூன்றாண்டில் படிப்பை முடித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்கள். வகுப்பில் இன்று அமர்ந்திருப்பவர்களில் பலர் அவருக்கு இளையவர்கள், முகமறியாதவர்கள். கம்பெனியில் அவர் மாணவர், இங்கோ உத்தியோகஸ்தர், இரண்டிடத்திலும் விருந்தாளி. மேலும், அவர் உண்மையில் கற்று வந்ததை அவர் ஒருபோதும் பீற்றிக்கொள்வதில்லை. குழு வேலையில் மற்றவர்கள் அவசரமாகத் தட்டச்சு செய்யத் தொடங்குகையில், அவர் ஒருவர்தான் பிறர் எழுதிய நிரலை முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகப் படிக்கிறார். புரியாத இடத்தில், ‘எனக்கு இது விளங்கவில்லை, சொல்லுங்கள்’ என்று கூச்சமின்றிக் கேட்கிறார்.

சென்ற அக்டோபரில், அதே வீட்டில் குடியிருக்கும் இரண்டாமாண்டுப் பையன் ஒருவன், விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் நிராகரிக்கப்பட்டு, முகம் வாடி அவரிடம் வந்தான். அவர் அவனை உட்காரவைத்து, தேநீர் போட்டுக் கொடுத்து (பால் உண்டு, சர்க்கரை இல்லை என்று கேளாமலே தெரிந்து வைத்திருந்தார்), அவனுடைய சுயவிவரத்தை வரி வரியாகத் திருத்தி, தமக்கு வந்த நிராகரிப்புக் கடிதங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இரண்டு மணி நேரம் ஓடிற்று. ‘பாண்ட்விட்த்’ என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. பையன் தெளிந்த முகத்தோடு நன்றி சொல்லி எழுந்து, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். சாத்திய மறுகணமே அவனுடைய தொலைபேசி சிணுங்கிற்று: வியாழக்கிழமை நான்கு மணி, முன்னேற்றப் பரிசீலனைக் கூட்டம், அரைமணி நேரம், இடம் சமையலறை, வருகையை உறுதி செய்யவும்.