சுறாவுக்குப் போன ரோபோ கால்

தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் சுறாவுக்கு உத்தரவு போடுவதற்கென்றே ஒரு ஆள் இருந்தார். பெயர் கடல்கட்டி. அவர் மந்திரம் சொன்னால் கடலுக்குள் இருக்கிற சுறாவின் வாய் கட்டிக்கொள்ளும். ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே ஒரே செய்தியை அனுப்புகிற தொழில். பல்க் எஸ்எம்எஸ் என்று நாம் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதைக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார். கிடைக்கிற முத்தில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. மீன்களை மயக்குகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. அதாவது ஐந்து சதவீத கமிஷன், மூலதனம் தொண்டைத்தண்ணீர் மட்டும். அதைவிடப் பெரிய சமாசாரம், அந்த மந்திரம் அன்றைய பகலுக்குத்தான் செல்லும். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவாராம். இருட்டில் எவனும் கள்ளத்தனமாக இறங்கிவிடக் கூடாதே! ஓடிபிக்குக் காலாவதி நேரம் வைத்த முதல் ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1530களில் முத்துக்குளிக்கிற பரதவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார்கள், 1542இல் பிரான்சிஸ் சவேரியாரே வந்து இறங்கினார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது, அப்புறம் வெள்ளைக்காரன். கொடி மாறியது, கோயில் மாறியது, வரி வாங்குகிற கை மாறியது. கடல்கட்டியின் வேலை மட்டும் மாறவில்லை. சுறாக்கள் ஞானஸ்நானம் வாங்காததுதான் காரணம். மந்திரத்தை நம்பாத துரைமாரும் அவருக்குரியதைக் கொடுத்துத்தான் தீர வேண்டியிருந்தது. அவர் இல்லையென்றால் ஒரு ஆள் தோணியிலிருந்து இறங்க மாட்டான். ஆள் இறங்காவிட்டால் சிப்பி ஏது, ஏலம் ஏது, கஜானா ஏது?

1845இல் இலங்கைக்குக் காலனியச் செயலாளராக வந்த எமர்சன் டென்னன்ட், எதிர்க்கரை முத்துக்குளிப்பில் தான் கண்டதைச் சொல்கிறார். பரம்பரைக் கடல்கட்டி அப்போது கத்தோலிக்கர். அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு ஒருவரை அனுப்பியிருந்தார். வந்தவர் ஒளிவுமறைவில்லாத மனிதர். மந்திரம் தனக்குத் தெரியவே தெரியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பெரியவரின் பிரதிநிதியாக, முறைப்படி அனுப்பப்பட்டு வந்திருப்பதால், சுறாக்கள் மரியாதை கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும் என்று அடித்துச் சொன்னார்.

விஷயம் ஒன்றும் தெரியாது, ஆனால் பதிவு செய்யப்பட்ட பிரதிநிதி! நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வணிகச் செய்திகளுக்காகக் கட்டியிருக்கிற மாளிகை முழுக்க இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது. 2018 விதிகளின்படி வணிகச் செய்தி அனுப்புகிறவர் தன் பெயரையும் செய்தியின் வாசக மாதிரியையும் பிளாக்செயின் பேரேட்டில் பதிய வேண்டும். விற்பனை அழைப்பு 140இல் தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். 2025 பிப்ரவரித் திருத்தத்தில் குறுஞ்செய்தித் தலைப்புக்கு வால் முளைத்தது: விளம்பரம் என்றால் ‘பி’, சேவை என்றால் ‘எஸ்’, பரிவர்த்தனை என்றால் ‘டி’, அரசாங்கம் என்றால் ‘ஜி’. தானாக டயல் செய்யும் எந்திரத்தையோ ரோபோவையோ வைத்துக் கூப்பிடுகிறவர் முன்கூட்டியே தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. பதிவு செய்தவர்கள் எல்லாரும் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள். சுறாதான் பதிவு செய்யவில்லை.

அமெரிக்காவில் சுறா கொஞ்சம் துணிச்சலாகவே கரைக்கு வந்தது. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு ஜோ பைடன் குரலில் அழைப்பு: கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம், நவம்பருக்கு மிச்சம் வையுங்கள் என்று. பேசியது செயற்கை நுண்ணறிவு. அந்தக் குரலைத் தயாரித்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மேஜிக்காரர் ஒருவர். கூலி 150 டாலர். எழுநூறு வருஷமாகியும் தொழில் மந்திரக்காரர் கையைவிட்டுப் போகவில்லை! அடுத்த மாதமே அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம், எந்திரம் உண்டாக்கிய குரலும் 1991ஆம் வருஷச் சட்டம் சொல்கிற ‘செயற்கைக் குரல்’தான் என்று தீர்ப்புச் சொல்லி, கேட்பவரின் சம்மதம் இல்லாமல் அப்படி அழைப்பதைத் தடுத்தது. பேசவைத்த ஆசாமிக்கு அறுபது லட்சம் டாலர் அபராதம்.

நம்மூர் இதில் யாருக்கும் இளைத்ததில்லை. அதே 2024இல், தேர்தலுக்கு முன்னால், கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். ஜெயலலிதா ஒலிப்பதிவில் தொண்டர்களிடம் பேசினார். செத்தவர் ஓட்டுப் போட்ட காலம் போய், செத்தவர் ஓட்டுக் கேட்கிற காலம்.

ஆனால் ஒன்று. கடல்கட்டியை நம்பிய அதே ஆட்கள் குளிக்கும்போது என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். காலைக் கல்லில் வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, கல்லோடு கல்லாகக் கடலடிச் சிப்பிப்பாருக்கு இறங்குவான் குளிக்கிறவன். ஒரு நிமிஷம் போல சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே கயிற்றைப் பிடித்திருப்பது மச்சினன் என்பார்கள், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். கொஞ்சம் கண்ணயர்ந்தால் தாலி அறுவது தன் அக்காளுக்கு. மந்திரத்துக்குக் கூலி கொடுத்தார்கள். உயிரை மச்சினனிடம் கொடுத்தார்கள். பிளாக்செயினைவிடப் பழைய பாதுகாப்பு இது, இன்னும் ஹேக் ஆகவில்லை.

நாளைக்கே தூத்துக்குடி தெரேஸ்புரத்தில் ஒரு பாட்டிக்குப் போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சு அசலாகப் பேரன் குரல். “பாட்டி, ஆக்ஸிடென்ட் ஆயிட்டு, போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன், உடனே ஐம்பதாயிரம் போடு, யாருட்டயும் சொல்லாத.”

“ஏ ராசா, அழாத. ஒங்க மாமா இங்கனதான் வலை பிரிச்சிட்டு இருக்கான். அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்புதேன், என்ன?”

டொக்.