பொட்டியில ஒளிச்ச பனியன்

ஏம்மிணி, குரு கெடைக்கலீன்னு உன்ற அம்மாகிட்டப் பொலம்புனியாமா? யூடியூப்பப் பாத்து டாட் புடிக்கக் கத்துக்கிட்டே, காலர் வெக்கக் கத்துக்கிட்டே, ‘டிசைனர்’னு கார்டும் அடிச்சாச்சு. இனி குருதான் பாக்கி. அவரு ஊட்டுக்கே வந்து கதவத் தட்டுவாரு, காப்பித்தண்ணி வெச்சுட்டு உக்காந்திரு.

திருப்பூருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு துணி வேலை சொல்லித் தர ஆளில்லைங்கறியே, உன்ற தைரியத்த மெச்சோணும். தெருவுக்குத் தெரு பவர் டேபிள். உள்ள போனா ஒரு கட்டிங் மாஸ்டர். என்ன, அவரு கார்டு அடிக்கல. தோள்ல டேப்பு தொங்குது, லுங்கி கட்டியிருக்கறாரு. அதான் உன்ற கண்ணுக்குக் குருவாத் தெரியல.

போன வாரம் ஃபோன்ல காமிச்சியே, பாலென்சியாகான்னு ஒரு டிசைனரு, 1895ல ஸ்பெயின்ல மீன்காரங்க ஊர்ல பொறந்தவரு. அவரு சட்டையத்தான் காமிச்சே. துணி தைக்கற அம்மாகூடவே இருந்து கத்துக்கிட்டு, பொறவு தையக்காரர்கிட்ட வேலைக்குச் சேந்தத ஏன் தாண்டிட்டே?

செரி, மாஸ்டர்கிட்டப் போறதுன்னா படம் வரைஞ்ச ஃபைலத் தூக்கிட்டுப் போகாதே. “நல்லாருக்கு பாப்பா”ன்னு சொல்லி அனுப்பிருவாரு. ரெண்டு தடவை தொவைச்சதும் பக்கத் தையல் வயித்துக்குத் திரும்பிக்கிச்சுன்னு ஒரு பனியன பொட்டியில ஒளிச்சு வெச்சிருக்கறியே (எனக்குத் தெரியாதாக்கும்), அதக் கொண்டு போய் டேபிள் மேல போடு. கெட்டுப்போன துணியப் பாத்துட்டு வாய மூடிட்டிருக்கற மாஸ்டர் இன்னும் பொறக்கல. சிங்கிள் ஜெர்சில நூல் முறுக்கு அப்புடியே இழுக்கும்பாரு. “ரோலப் பிரிச்சு ஆறப் போட்டியா, வந்தவொடனே கத்திரிய வெச்சியா?”ன்னு கேப்பாரு. நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமா வெட்டித் தராசுல வெச்சு, ரெண்டு கிராம் காமிச்சா சதுர மீட்டருக்கு 200 கிராம், அதான் 200 ஜிஎஸ்எம்னு சொல்லித் தருவாரு. நடுவுல நாலு வசவும் வரும். பீஸ் கட்டுற பையன் முன்னாலயே வரும். அதுக்கு மூஞ்சியத் தூக்கீட்டு வந்தீன்னா அடுத்த வாட்டி உள்ள உடமாட்டாரு.

நேரங்காலம் பாத்துப் போகோணும். தீபாவளி நெருக்கத்துல போய் “ஒரு டவுட்டுங் மாஸ்டர்”ன்னு நின்னீன்னா, டவுட்டோட உன்னையும் சேத்து வெட்டிப் போடுவாரு. சனிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம், சம்பளப் பட்டுவாடா. ஜாக்கெட் கத்துக்கோணும்னா ஆடி மாசம் போ. கல்யாணமில்லாம டெய்லர் ஈ ஓட்டிட்டிருப்பாரு, அப்ப நீ பேசுனா அவருக்கும் பொழுது போகும்.

அப்பறம் என்னமோ கூட்டாளிக வேணும்னியே. அதுக்குச் சங்கம் வெச்சு, தலைவி எலெக்சன் நடத்தி, சால்வை போத்திக்கோணுமா? பனியன் துணி கிலோக் கணக்குல வருது. ஒரு ரோல நீ தனியா வாங்குனா கட்டிலுக்கடியிலதான் கெடக்கும். கொஞ்சூண்டு துணிக்குத் தனிச் சாயம்னா பட்டறைக்காரன் மூஞ்சி குடுத்துப் பேசமாட்டான். உன்னாட்டவே தனியாத் தைக்கற புள்ளைக நாலு பேரச் சேத்துக்க. ரோலப் பங்கு போடுங்க, ஒரே சாயமா முக்கிக்கலாம். எந்தக் கலருன்னு சண்டை வரும், வரட்டும். சண்டை போட்டும் காசு குடுக்கறவ நிப்பா; “சூப்பர்க்கா”ன்னே சொல்லிட்டிருக்கறவ ரோலுக்குக் காசு கேட்டதும் ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருவா.

பங்கு பிரிக்கறப்ப தராசு மட்டும் என்ற கையில இருக்கட்டும். எடை கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். மீந்ததுல அப்பாருக்குக் கை வெச்ச பனியன் ஒண்ணு தெச்சுரு.