இணைய விளையாட்டுக் கடைகளில் தொப்பியின் இடம்: ஓர் ஆய்வு

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைகள் எதற்காக அடித்துக்கொள்கின்றன? விளையாட்டுக்காக என்பது பாமரர் கருத்து. இவ்வாய்வேடு அதை மறுக்கிறது. ஒரே சரக்கு எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கும்போது, ஆளை இழுப்பது ஒரு கடையில் மட்டும் கிடைக்கும் துக்கடாதான். துக்கடா சிறுக்கச் சிறுக்கப் போட்டி பெருக்கும் என்பது நமது கருதுகோள். ஆடித் தள்ளுபடியில் புடவையை மறந்தாலும் கட்டைப்பையைக் கேட்டு வாங்காமல் படியிறங்காதவர்களுக்கு இதை நிறுவத் தேவையில்லை. பல்கலைக்கழகத்துக்குத்தான் நிறுவ வேண்டியிருக்கிறது.

முதன்மைச் சான்று ஒரு குதிரை. 2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் ‘ஆப்லிவியன்’ விளையாட்டில் வரும் குதிரைக்குக் கவசம் செய்து இரண்டரை டாலருக்கு விற்றது. அதுவரை வெறும் உடம்போடு ஓடிக்கொண்டிருந்த குதிரை. ஊரே சிரித்தது, சிரித்துக்கொண்டே காசும் கொடுத்தது. 2009 முட்டாள்கள் தினத்தன்று மற்ற இணைப்புகளையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளிய அதே நிறுவனம், கவசத்தின் விலையை மட்டும் இரட்டிப்பாக்கியது. கேலிக்கும் பில் போடலாம் என்பது நமது துறையின் முதல் விதி.

ஆனால் கவசத்தைக் காசுள்ள எவரும் வாங்கலாம். ‘எனக்கு உண்டு, உனக்கு இல்லை’ என்ற தத்துவம் தொப்பியில்தான் முழுமை பெறுகிறது. 2009இல் வால்வ் நிறுவனம், தன் ஸ்டீம் கடையில் ‘லெஃப்ட் 4 டெட் 2’ விளையாட்டை முன்பதிவு செய்தவர்களுக்குப் பில் என்ற கிழவரின் பச்சைத் தொப்பியைக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொள்வது அந்த விளையாட்டில் அல்ல, ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ என்ற வேறொன்றில். இங்கே ஆய்வாளர் சற்று நிற்க வேண்டும். இந்த இரண்டாவது விளையாட்டு, ஆடுபவரின் கண் வழியே காட்டப்படுவது. துப்பாக்கி தெரியும், கை தெரியும், தலை தெரியாது. ஆகவே தொப்பி போட்டவர் சண்டையின்போது தன் தொப்பியைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் கூட்டாளிகளும் எதிரிகளும். செத்து விழுந்தால், கொன்றவனின் உருவம் திரையில் உறைந்து நிற்கும், அவன் தொப்பியோடு. வயிற்றெரிச்சலுக்கு இதைவிடச் சிறந்த காட்சியமைப்பை இவ்வாய்வாளர் கண்டதில்லை.

2010 ஜூனில் இன்னொரு கொடை. ஆப்பிள் மேக் கணினியில் அதே விளையாட்டைத் திறந்தவர்களுக்கு, சில நாள் மட்டும், வெள்ளை இயர்போன் ஒரு ஜோடி. கேட்க அதில் ஒன்றும் இல்லை. காதில் மாட்டியிருப்பதுபோல் தெரியும், அவ்வளவே. நாளடைவில் அந்த இயர்போனும் பில் தொப்பியும் ஆட்டக்காரர்களின் பண்டமாற்றுச் சந்தையில் நாணயமாகவே புழங்கத் தொடங்கின. 2012இல் இந்தப் பொருளாதாரத்தை ஆராய யானிஸ் வரூஃபாகிஸ் என்ற பொருளியல் பேராசிரியரை வால்வ் அமர்த்தியது. 2015 ஜனவரியில் அவர் கிரேக்க நாட்டின் நிதியமைச்சரானார். ஜூலையில் பதவி விலகினார். கிரேக்கக் கருவூலத்தைவிடத் தொப்பிச் சந்தை நிதானமாக நடந்தது என்று எழுதினால் நெறியாளர் அடித்துவிடுவார் என்பதால் எழுதவில்லை.

கல்லாச் சண்டை தனி இயல். 2011இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ‘ஆரிஜின்’ என்று சொந்தக் கடை திறந்தது. அதே மாதம் அதன் ‘கிரைசிஸ் 2’ ஸ்டீமிலிருந்து காணாமல் போனது. கூடுதல் உள்ளடக்கத்தை வாடிக்கையாளருக்குக் கொண்டு சேர்ப்பதில் ஸ்டீம் வைத்த நிபந்தனைகளே காரணம் என்றது நிறுவனம். புடவை உங்கள் கடையில் போகட்டும், பைக்கான காசு எங்கள் கல்லாவில் விழ வேண்டும் என்று இதற்கு உரை எழுதலாம். ‘பேட்டில்ஃபீல்ட் 3’ வெளிவந்தபோது ஸ்டீம் வாசலையே மிதிக்கவில்லை. 2019இல் அந்த நிறுவனம் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டீமுக்குத் திரும்பி வந்தது.

2018 டிசம்பரில் வந்த எபிக் கடையைத் தயக்கத்தோடுதான் குறிப்பிட வேண்டியிருக்கிறது. விற்பனைத் தொகையில் ஸ்டீம் பொதுவாக 30 விழுக்காடு கழித்துக்கொள்ளும் இடத்தில் இவர்கள் 12 போதும் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் தொப்பியின் நயம் அறியாதவர்கள். ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ போன்ற விளையாட்டுகளை முழுசாகவே ஓராண்டுக்குத் தங்கள் கடையில் பூட்டிவைத்தார்கள். பல சாமான்களை ஒன்றாக வாங்கக் கூடை வசதி அங்கே வந்தது 2021 டிசம்பரில். கூடையில்லாமல் மூன்று ஆண்டு கடை நடத்தியது எப்படி என்பது முனைவர் பட்டத்துக்குத் தகுந்த தலைப்பு. நிதி கிடைத்தால் இவ்வாய்வாளரே எடுத்துக்கொள்ளத் தயார்.