வரைவுக்கு 545 நாள், ஆய்வாளருக்குப் பதினோரு மாதம்

சுற்றுச்சூழல் கொள்கையையும் அரசியலையும் ஆராய ஆள் தேவை என்று பல்கலைக்கழகம் விளம்பரம் கொடுத்தால், கடைசி வரியை முதலில் படியுங்கள்: பணி முற்றிலும் தற்காலிகம், பதினோரு மாத ஒப்பந்தம். ஆய்வுப் பொருளோ லேசில் முடிகிற ரகமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையையே எடுத்துக்கொள்வோம். அதை எப்படிக் காப்பது என்று மாதவ் காட்கில் குழு 2011இல் அறிக்கை தந்தது. அது ரொம்பக் கடுமை என்ற கூச்சல் எழ, கஸ்தூரிரங்கன் குழு 2013இல் அதை இளக்கிக் கொடுத்தது. மலையில் காக்க வேண்டிய பகுதிகளைக் குறிக்கும் முதல் வரைவு அறிவிக்கை 2014 மார்ச்சில் வந்தது. 545 நாளில் காலாவதியானது. ஆறாவது வரைவு வந்தது 2024 ஜூலை 31இல், வயநாட்டில் மலை சரிந்த மறுநாள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தவர் ஒரு வரைவு பிறப்பதைப் பார்க்கலாம், அல்லது சாவதைப் பார்க்கலாம். இரண்டையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

திட்டப் பணமே கெடுவோடு வரும்போது ஆளுக்கு மட்டும் எப்படி நிரந்தரம் என்று கேட்பார்கள். நியாயம்தான், ஆனால் கெடுவைத் தள்ளிப்போடும் சலுகை கோப்புக்கு உண்டு, ஆய்வாளருக்கு இல்லை. அறிக்கைதான் இருக்கிறதே, அடுத்தவர் படித்துக்கொள்ளட்டும் என்பார்கள். அறிக்கையில் முடிவு இருக்கும். ஏலத்தோட்டக்காரர் எந்த வரியைக் கண்டு மிரண்டார், குவாரிக்காரர் எந்த வரியைக் கண்டு சிரித்தார் என்பது இருக்காது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் பாதி ஒப்பந்தம் போய்விடும். மலையை விட நீண்ட கெடுவும் உண்டு: 2070க்குள் நிகரச் சுழிய உமிழ்வு என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா வாக்குக் கொடுத்தது. அந்த 49 ஆண்டுகளைப் பதினோரு மாத ஆட்களை வைத்தே கண்காணித்தால் ஐம்பத்து மூன்று பேருக்கு மேல் வேண்டும். அத்தனை பேரும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்குவார்கள். கொள்கைக்கும் அதுதானே வசதி.