காலிப் பாக்கெட்டுக்கும் விலை உண்டு!

கேள்வி: முதலீடு குறைவு, விளம்பரத்துக்குப் பணமே இல்லை. சிறு வியாபாரி சந்தையைப் பிடிப்பது எப்படி?

பதில்: நோட்டீஸ் அச்சடிக்கும் முன், வாங்காதவர் ஏன் வாங்கவில்லை என்று விசாரிக்க வேண்டும்.

ஓர் உதாரணம்: கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தொழிலில் இறங்கினார். அப்பா சின்னி கிருஷ்ணனின் பெயர்தான் சுருங்கி ‘சிக்’ ஷாம்பு ஆனது. கிராமங்களில் பலருக்கு ஷாம்பு போடும் பழக்கமே இல்லை. ரங்கநாதனின் ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஒரு பையனை நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் அவன் தலையை அலசிக் காட்டினார்கள். கூட்டத்தார் முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தார்கள். டி.வி. விளம்பரத்தில் வாசனை வருமா?

அடுத்த அடி இன்னும் அருமை. எந்தக் கம்பெனியின் காலி ஷாம்புப் பாக்கெட்டுகளைக் கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம்! மக்களுக்குப் பழகியதும், சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே சலுகை என்று மாற்றினார். போட்டியாளரின் வாடிக்கையாளர்கள் அதற்குள் சிக் கேட்டு வாங்க ஆரம்பித்திருந்தார்கள்.