பலாப்பழத்துக்கும் பெல்ட்

அம்பாசடரின் பானெட்டைத் திறந்தால் உள்ளே பாதி இடம் காலியாகத்தான் இருக்கும். மெக்கானிக் உள்ளேயே இறங்கி நின்று வேலை பார்த்துவிட்டு, அப்படியே டீயும் குடிக்கலாம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்து கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த வண்டி அது. 2014 வரை செய்தார்கள், முகம் அதிகம் மாறவே இல்லை. ரோகமும் பரம்பரை, வைத்தியமும் பரம்பரை.

அப்பாவின் வண்டி சித்திரை வெயிலில் திண்டிவனம் தாண்டியதும் நிற்கும். குழாயிலேயே பெட்ரோல் சூடேறி ஆவியாகிவிட, பம்ப் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். உடனே டீக்கடை பெஞ்சு காலியாகும். "பம்ப் மேல ஈரத்துணி போடுங்க சார்" என்பார் ஒருவர். "பாயிண்ட்டை உப்புத்தாள் வெச்சுத் தேயுங்க" என்பார் பீடிக்காரர். பிளக்கைக் கழற்றச் சொல்ல மூன்றாவதாக ஒருவர் வருவார். எல்லாவற்றையும் செய்வோம். வண்டி கிளம்பும். எதனால் கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மூவரும் தன்னால்தான் என்று திருப்தியாக பெஞ்சுக்குத் திரும்புவார்கள்.

இப்போதைய என் வண்டி வழியில் நின்றதே இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏர்பேக் இருக்கிறது, பிரேக்கும் பிடிக்கிறது. அம்பாசடரில் பிரேக் பாதி, பிரார்த்தனை பாதி. ஆனால் பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தரிசனம் தரும். டேஷ்போர்டில் இஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஏதோ சரியில்லை என்று அதற்கு அர்த்தம். தலைவலியா, தலையே இல்லையா என்பதைச் சொல்லாது.

சர்வீஸ் சென்டர் பையன் இஞ்சின் சத்தத்தைக் காதில் வாங்கவே இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, லேப்டாப்பைப் பார்த்தான்.

"என்னப்பா கோளாறு?"

"சென்சார் சார்."

"சென்சார் என்ன சொல்லுது?"

"சென்சாரே போயிடுச்சு சார்."

மற்றதெல்லாம் நன்றாக இருந்திருக்கிறது. கோளாறு வந்தால் சொல்வதற்காக வைத்த ஆசாமிதான் படுத்துவிட்டார். அவருக்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

பண்ருட்டியில் ஒரு பலாப்பழம் வாங்கி முன் சீட்டில் வைத்தேன். கிளம்பியதும் கீங்... கீங்... என்று ஒரே அலறல். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் முன் சீட்டுக்காரர் பெல்ட் போடாவிட்டால் மணி அடிக்கவேண்டும் என்பது சட்டம். பழம் நல்ல கனம். ஆள் என்று வண்டி முடிவுகட்டிவிட்டது.

"என்னங்க, அதுக்கும் பெல்ட்டைப் போட்டுத் தொலைங்க" என்றாள் பின்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி. போட்டேன். வண்டி அடங்கியது. 80-ஐத் தாண்டியதும் வேகத்துக்காக மறுபடி கத்தியது.

விழுப்புரம் தாண்டி ஒரு போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். குனிந்து பலாப்பழத்தைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், பிறகு பின் சீட்டைப் பார்த்தார்.

"பழம் போட்டிருக்கு. அம்மா ஏன் போடல?" என்றபடி அபராதக் கருவியை எடுத்தார்.