எண்ணத் தெரியாதவனுக்கு எல்லாரும் கள்ளன்

ஏலே பேராண்டி, கம்ப்யூட்டரைப் போட்டதும் நெட்டு வரலைன்னு கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு அவன் பரம்பரையையே இழுத்தியே, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ புது ரவுட்டர் வாங்கணும்ங்குதே. வாங்குலே. பெறகு புது கம்ப்யூட்டரும் வாங்கு. உங்கப்பன் வேற எதுக்குச் சம்பாதிக்கான்?

ஆனா ஒண்ணு. கம்பெனிக்காரன் கோளாறுன்னா நாள் முழுக்கல்லா இழுக்கணும்? போட்ட ஒடனே மொணங்கிட்டுப் பெறகு ஓடுதுன்னா, குத்தம் அந்த முதல் ரெண்டு நிமிசத்துக்குள்ளதான் ஒளிஞ்சு கெடக்கு. எத்தனை செகண்டு முழிக்குதுன்னு எண்ணிப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே. காலேஜுல எண்ணுறதுக்குத் தனிப் பாடம் கெடையாதுல்லா.

ஆபீசுல சுவிட்சுல வயர் மாட்டுன கம்ப்யூட்டர், ஒரு 30 செகண்டு அசையாம இருந்துட்டு ஓடுதா? அப்போ சுவிட்சைச் சந்தேகப்படு. அதுக்குள்ள ஸ்பானிங் ட்ரீன்னு ஒரு காவல் இருக்கு. ராடியா பெர்ல்மன்ங்கிற அம்மா 1985-ல கண்டுபிடிச்சது. பழைய முறையில, புதுசா உசுர் வந்த போர்ட்டை, வயர் எங்கயாவது வட்டமடிக்கோன்னு 15 செகண்டு கவனிக்கும். இன்னும் 15 செகண்டு விலாசம் படிக்கும். அதுவரை உன் டேட்டாவைத் தாண்ட விடாது. சுவிட்சு பாக்குறவர்கிட்ட, ஒத்தைக் கம்ப்யூட்டர் மாட்டுற போர்ட்டுல, இந்தக் காத்திருப்பைத் தாண்டுற போர்ட்ஃபாஸ்ட் போடச் சொல்லு. ரெண்டு சுவிட்சுக்கு நடுவுல அதைப் போட்டுத் தொலைச்சிராதீங்க. வட்டம் விழுந்தா ஆபீசே படுத்துரும். அதுக்கும் கம்பெனிக்காரனைத்தான் திட்டுவே.

வீட்டுல ஒரு நிமிசம் போல முழிச்சிட்டு நெட்டே இல்லைங்குதா? விண்டோசுல கருப்புச் சன்னலைத் தொறந்து ஐபிகான்ஃபிக்னு அடி. 169.254-ன்னு தொடங்குற நம்பர் இருந்தா, ரவுட்டருக்குள்ள நம்பர் குடுக்குற டிஹெச்சிபிகிட்ட கேட்டுருக்கு, பதில் சொல்ல ஆளில்லை, தானே ஒண்ணை வச்சுக்கிடுச்சுன்னு அர்த்தம். அந்த நம்பரை வச்சு இன்டர்நெட்டுக்குப் போக முடியாது. ஏன் ஆளில்லை? கரண்டு மிச்சம் பண்ணுதேன்னு ராத்திரி எல்லாத்தையும் அமத்திட்டு, காலையில ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்சுல சேத்துத் தட்டுற மகராசன் யாருலே? ரவுட்டரை முதல்ல போடு. லைட்டு நிதானமாகட்டும். அதுக்குள்ள ஒரு காப்பி குடி.

லினக்ஸ்காரன்னு காலரைத் தூக்கிட்டுத் திரியுதியே, உனக்கும் இருக்கு. 2 நிமிசம் நின்னு கிளம்புதுன்னா, சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன்ங்கிற சேவையைப் பாரு. அதோட பொறுமை 120 செகண்டு. வயரே மாட்டாத போர்ட்டுக்காகக் காத்துக் கெடக்கும், வராத மாமனுக்குப் பந்தியை நிறுத்தி வச்ச கதையா. சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்னு அடி, எவன் எவ்வளவு நேரம் தின்னான்னு பட்டியல் வரும். பெறகு அந்தப் போர்ட்டு கட்டாயமில்லைன்னு அமைப்புல எழுதி வை.

கனெக்சன் ஒடனே வந்துட்டு, வேகம் மட்டும் இல்லையா? அப்போ திருடன் உன் மடியில. டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் பக்கத்தைத் தொற. படத்தை மேல ஏத்துறது, விளையாட்டை அப்டேட் பண்ணுறது, நீ எப்பவோ போட்டு மறந்ததுன்னு அத்தனையும் முதல் நிமிசத்துலயே நெட்டுல கை வைக்கும். வேண்டாததை நிறுத்து.

இன்னொரு சூது. ரீஸ்டார்ட் பண்ணுனா சரியாகி, ஷட் டவுன் பண்ணிப் போட்டா மறுபடி மக்கர் பண்ணுதா? விண்டோஸ் 8-ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு வந்துச்சு. அமத்துனாலும் முழுசா அமராம, டிரைவரோட நெலமையை டிஸ்குல எழுதி வச்சு அப்படியே எழுப்பும். கோளாறும் கூடவே எழும்பும். அதை ஒருக்கா அணைச்சுப் பாரு.

இத்தனையும் பாத்தும் தீரலையா, தாராளமா கம்பெனிக்காரனைத் திட்டு. ஆனா போட்டதுல இருந்து எத்தனாவது செகண்டுல நிக்குது, எந்த நம்பர் காட்டுதுன்னு சொல்லிட்டுத் திட்டு. ரவுட்டரை அணைச்சுப் போடுங்க சார்னு சொல்லி அவன் தப்பிக்க வழியிருக்காது.